குரோஷிய மொழியில் 'இருந்தால்': ஆக்கோவா, காத்தா, தாவா?

ஸாக்ரெபுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. கூட வேலை பார்க்கிற ஒரு அம்மா ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். அன்றைக்கு எனக்கு வேறொரு வேலை இருந்தது, சீக்கிரம் முடிந்தால் போய்விடலாம் என்று நினைத்து, நாம் வழக்கமாகச் சொல்கிற "நேரம் இருந்தால் வர்றேன்" என்பதை மண்டைக்குள்ளேயே மொழிபெயர்த்து "தா இமாம் வ்ரெமேனா, தோஷ்லா பிஹ்" என்றேன். இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. ஆனால் அவர் முகம் லேசாக வாடியது, "ஷ்தெத்தா" (அடடா, வருத்தம்தான்) என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். ஞாயிறு மதியம் வேலை முடிந்து கையில் ஒரு டப்பா கேசரியோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றால், கதவைத் திறந்தவர் திகைத்துப் போனார். மேஜையில் எனக்குத் தட்டு வைத்திருக்கவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்த விதம் இப்படி: "நேரம் மட்டும் இருந்தால் வருவேனே, எங்கே இருக்கிறது!"

அதாவது நான் நாசூக்காக 'வரமாட்டேன்' என்று சொல்லியிருக்கிறேன்.

குரோஷிய மொழி படிக்க ஆரம்பிக்கிற தமிழர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நமக்கு 'ஆல்' என்ற ஒரு விகுதி போதும். "பணம் இருந்தால் வாங்குவேன்" என்று ஒருவர் சொன்னால், நாளைக்குச் சம்பளம் வந்ததும் வாங்கப்போகிறாரா, சும்மா கனவு காண்கிறாரா, இல்லை பையில் காசே இல்லை என்று புலம்புகிறாரா என்பதை அவர் குரலிலும் முகத்திலும் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். நடந்து முடிந்ததற்கு மட்டும்தான் 'இருந்திருந்தால்' என்று தனியாக ஒரு வடிவம். குரோஷியக்காரர்கள் இதை முகத்துக்கு விடுவதில்லை. வாக்கியத்தின் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட வேண்டும்: நடக்கக்கூடியது என்றால் 'ஆக்கோ', கற்பனை என்றால் 'காத்', இல்லவே இல்லை அல்லது கை மீறிப் போய்விட்டது என்றால் 'தா'. அதனால் வினைமுற்றைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால், நீங்கள் சொல்லவந்த விஷயத்தில் உங்களுக்கே எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. குரோஷிய மொழி லத்தீன் எழுத்தில், மொத்தம் 30 எழுத்துகளில் எழுதப்படுகிறது, எழுதியபடியேதான் வாசிப்பார்கள். இங்கே நான் ஒலியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நம் எழுத்து வல்லொலியையும் மெல்லொலியையும் பிரித்துக் காட்டாது என்பதால் ஒன்றிரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். 'தா' என்பதில் 'தயவு' என்று சொல்லும்போது வருகிற த. 'பிஹ்', 'பி', 'புதெம்' எல்லாவற்றிலும் 'பஸ்' என்பதில் வருகிற ப. 'ச்சு', 'ச்செ' என்பவை 'பச்சை'யில் வருகிற ச்ச-வைவிடக் கொஞ்சம் மெல்லியவை. 'இமாவோ' மாதிரிச் சொற்களில் நடுவில் இருக்கும் வ-வை அழுத்த வேண்டாம், உதடு அந்தப் பக்கம் போகும்போது தானாக வருவதுதான்.

முதல் படி: 'பிஹ்' குடும்பம்

கற்பனையோ ஏக்கமோ எதைச் சொல்வதென்றாலும் இந்தக் குட்டிச் சொல் இல்லாமல் நடக்காது. நான் என்றால் பிஹ், நீ என்றால் பி, அவன் அவள் அது என்றால் பி, நாங்கள் பிஸ்மோ, நீங்கள் பிஸ்தே, அவர்கள் மறுபடியும் பி. ஆறு இடத்துக்கு நாலே வடிவம். 'இரு' என்கிற வினையின் பழைய இறந்தகால வடிவம் இது, இப்போது வெறும் துணைச்சொல்லாகத் தேய்ந்துவிட்டது.

இதனோடு ஒட்டுவது இறந்தகாலத்துக்கு நீங்கள் ஏற்கெனவே படித்த அதே வடிவம்தான். வினையின் கடைசி 'தி'யை எடுத்துவிட்டு, பேசுகிறவர் ஆண் என்றால் 'ஓ', பெண் என்றால் 'லா' போடுங்கள். இமாத்தி (வைத்திருக்க) என்பது இமாவோ, இமாலா என்று ஆகும். கூப்பித்தி (வாங்க) என்பது கூப்பியோ, கூப்பிலா. ஆண்கள் அல்லது கலந்த கூட்டம் என்றால் 'லி', பெண்கள் மட்டும் என்றால் 'லெ'. அடங்காதவை சில உண்டு, அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்: தோச்சி (வர) என்பது தோஷாவோ, தோஷ்லா, மோச்சி (முடிய) என்பது மோகாவோ, மோக்லா, ரெச்சி (சொல்ல) என்பது ரெக்காவோ, ரெக்லா. 'இமாலா ஸாம்' என்றால் என்னிடம் இருந்தது. 'ஸாம்' இருந்த இடத்தில் 'பிஹ்'-ஐ வைத்து 'இமாலா பிஹ்' என்றால் என்னிடம் இருக்கும், ஏதாவது ஒன்று நடந்தால். ஆக, இறந்தகாலம் தெரிந்தவருக்கு இதில் புதிதாகப் படிக்க வேண்டியது நாலு சொல் மட்டும்தான்.

ஆண்பால் பெண்பாலில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நான் பார்த்துப் படித்த வீடியோக்கள் எல்லாம் ஆண்கள் பேசியவை. தெரு முனை பேக்கரியில் தினமும் காலையில் கம்பீரமாக "ஹ்தியோ பிஹ் யெதான் பூரெக்" என்று கேட்பேன். 'ஒரு பூரெக் வேண்டும்' என்று பணிவாகக் கேட்கிற முறைதான், ஆனால் ஆண் கேட்கிற முறை. கடைக்காரப் பெண் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பூரெக்கைத் தாளில் சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் "ஹ்த்யேலா" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் நான் மறக்கவே இல்லை. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது: வினையை விட்டுவிட்டு "யா பிஹ் யெதான் பூரெக்" என்று கேளுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

மரியாதைக்கு 'நீங்கள்' என்று ஒருவரிடம் பேசும்போது, எதிரே நிற்பது ஒரே ஒரு பெண்மணியாக இருந்தாலும் வினை ஆண்பால் பன்மையில்தான் வரும். "பிஸ்தே லி மி மோக்லி போமோச்சி?" என்றால் 'எனக்குக் கொஞ்சம் உதவ முடியுமா?'. ஒருவரையே பன்மையில் அழைப்பது நமக்குப் பழகியதுதான், அதனால் இது மட்டும் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது.

இரண்டாவது படி: 'பிஹ்' எங்கே உட்காரும்

நம் 'தான்' இருக்கிறதே, அது வாக்கியத்தின் தொடக்கத்தில் வராது. முன்னால் ஒரு சொல் இருந்தால்தான் அதன் மேல் சாய்ந்துகொள்ளும். 'பிஹ்'-உம் அதே ஜாதி. வாக்கியத்தில் அதற்கு இரண்டாவது இடம். "யா பிஹ் தோஷ்லா" சரி, "தோஷ்லா பிஹ்" சரி, "ஸூத்ரா பிஹ் தோஷ்லா" (நாளைக்கு வருவேன்) என்பதும் சரி. "பிஹ் தோஷ்லா" என்று ஆரம்பித்தால் மட்டும் காதில் இடிக்கும். 'நெ' (இல்லை) கூட வந்தால் பிரச்சினை இல்லை, "நெ பிஹ் தோஷ்லா" என்று தொடங்கலாம், ஏனென்றால் அங்கே சாய்ந்துகொள்ள 'நெ' இருக்கிறது. கேள்வியில் "பிஸ்தே லி" என்று வருவது இதற்கு விலக்கு, மேலே பார்த்தோம்.

இரண்டு துண்டு வாக்கியத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும். "காத் பிஹ் இமாலா வ்ரெமேனா, தோஷ்லா பிஹ்" என்பதைப் பாருங்கள். முதல் துண்டில் 'காத்' முதலிடம், 'பிஹ்' இரண்டு. காற்புள்ளிக்கு அப்பால் 'தோஷ்லா' முதலிடம், 'பிஹ்' இரண்டு. உனக்கு, அதை என்கிற குட்டிச் சொற்களும் சேர்ந்தால் 'பிஹ்' தான் முன்னால் நிற்கும், அவை அதன் பின்னால் வரிசைகட்டும்: "யாவிலா பிஹ் தி ஸெ" (உனக்குத் தகவல் சொல்வேன்). இந்த வரிசை முழுவதையும் முதல் மாதத்திலேயே பிடித்துவிட வேண்டும் என்று உட்காராதீர்கள், வாக்கியம் வாக்கியமாக வாயில் ஏறட்டும்.

மூன்றாவது படி: ஆக்கோ

நடக்கலாம், நடக்காமலும் போகலாம், ஆனால் கதவு திறந்திருக்கிறது என்றால் 'ஆக்கோ'. இதில் 'பிஹ்' தேவையில்லை.

இப்போதைய விஷயம் என்றால் நிகழ்காலமே போதும். "ஆக்கோ ஸ்னாஷ், ரெத்ஸி" (தெரிந்தால் சொல்லு). "ஆக்கோ தி யெ ஹ்லாத்னோ, ஒபூத்ஸி யாக்னு" (குளிரெடுத்தால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்). ஸாக்ரெபில் நவம்பர் தொடங்கிவிட்டால் இரண்டாவது வாக்கியம் உங்கள் காதில் தினமும் விழும்.

நாளைய விஷயம் என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். குரோஷிய மொழியில் எதிர்காலம் இரண்டு. "தோச்சி ச்சு" (வருவேன்) என்பது முதல் வகை. 'ஆக்கோ'வுக்குப் பின்னால் அது வராது. அங்கே இரண்டாம் வகையைப் போட வேண்டும்: புதெம், புதெஷ், புதெ, புதெமோ, புதெத்தே, புதூ என்பதோடு அதே ஓ, லா வடிவம். "ஆக்கோ புதெம் இமாலா வ்ரெமேனா, தோச்சி ச்சு." இதைத்தான் நான் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். "ஆக்கோ புதெ பாதாலா கீஷா, ஓஸ்தாச்செமோ கோத் கூச்செ" என்றால் மழை பெய்தால் வீட்டிலேயே இருப்போம்.

இங்கே இன்னொரு முடிச்சு. குரோஷிய வினைகள் பெரும்பாலும் ஜோடியாக வரும்: ஒன்று நடந்துகொண்டே இருப்பதைச் சொல்லும், மற்றது ஒரே வீச்சில் முடிவதைச் சொல்லும். தோலாஸித்தி என்பது வருவது, வந்துகொண்டிருப்பது. தோச்சி என்பது வந்து சேர்வது. முடிகிற வகைக்கு 'புதெம்' தேவைப்படாது, வெறும் நிகழ்காலமே எதிர்காலப் பொருளைத் தந்துவிடும். "ஆக்கோ தோஜெஷ், ப்ரோபுதி மெ" (வந்தால் என்னை எழுப்பு). எந்த வினை எந்த வகை என்று சந்தேகம் வந்தால் 'ஹ்ர்வாத்ஸ்கி யெஸிச்னி போர்த்தால்' என்கிற இணைய அகராதியில் தேடுங்கள். காசு கேட்காது. ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் முடிவது என்றால் 'ஸ்வ்ர்ஷ்' என்றும் முடியாதது என்றால் 'நெஸ்வ்ர்ஷ்' என்றும் சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். நான் புதிய வினை படித்தால் ஜோடியோடுதான் நோட்டில் எழுதுவேன்.

இந்த வகையில் உங்களுக்கு மிகவும் பயன்படப்போகிற ஒரே துண்டு "ஆக்கோ ஸ்திக்னெம்". ஸ்திச்சி என்றால் போய்ச் சேர்வது, நேரத்துக்குள் செய்து முடிப்பது. நம் "முடிஞ்சா வர்றேன்" இருக்கிறதே, அதற்கு அச்சு அசலான ஜோடி. புதெம், வ்ரெமேனா எதுவும் தேவையில்லை.

'ஆக்கோ'வோடு முதல் எதிர்காலத்தின் 'ச்செஷ்' வருவதை எங்காவது கேட்டால் குழம்ப வேண்டாம். "ஆக்கோ ச்செஷ் காவு, ரெத்ஸி" என்பதில் 'ச்செஷ்' எதிர்காலம் இல்லை, 'வேண்டுமென்றால்' என்று பொருள்: காபி வேண்டும்னா சொல்லு.

அலுவலகக் கடிதங்களில் 'ஆக்கோ'வுக்குப் பதிலாக 'ஊகோலிகோ' என்று கோட்டு சூட்டு போட்ட சொல் ஒன்று வரும். பொருள் அதேதான். மொழி வல்லுநர்களே 'ஆக்கோ' போதும் என்கிறார்கள், நீங்களும் அதையே எழுதுங்கள்.

நான்காவது படி: காத்

'காத்' என்றால் எப்போது, அப்போது என்றுதான் முதலில் படித்திருப்பீர்கள். "காத் இமாம் வ்ரெமேனா, சீத்தாம்" என்றால் நேரம் இருக்கும்போது படிப்பேன். இதில் 'ஆல்' எதுவும் இல்லை. அதே 'காத்' பக்கத்தில் 'பிஹ்' வந்து உட்கார்ந்ததும் கதையே மாறிவிடும்: "காத் பிஹ் இமாலா வ்ரெமேனா, சீத்தாலா பிஹ்." நேரம் கிடைத்தால் படிப்பேன், கிடைக்குமா என்பது வேறு விஷயம். கற்பனைதான், ஆனால் முழுக்க மூடிய கதவு இல்லை. இரண்டு துண்டிலும் 'பிஹ்' வரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நான் முதல் துண்டில் போட்டுவிட்டு இரண்டாவதில் விட்டுவிடுவேன், அப்போது வாக்கியம் ஒற்றைக் காலில் நிற்கும்.

ஏக்கத்துக்கும் இதுதான். "காத் பி பாரெம் ப்ரெஸ்தாலா கீஷா" என்றால் 'மழை நின்றாலாவது தேவலையே'. பின்னால் எதுவும் சொல்லத் தேவையில்லை. சும்மா வெட்டியாக 'அப்படி ஆகியிருந்தால், இப்படி ஆனால்' என்று ஓட்டுகிறவர்களைக் கிண்டல் பண்ண ஒரு தொடர் இருக்கிறது: "ஷ்தோ பி பீலோ காத் பி பீலோ." இருந்தால் என்ன இருக்கும் என்பது சொல்லுக்குச் சொல் பொருள். வேகமாக மூன்று தடவை சொல்லிப் பாருங்கள், 'பி' எங்கே வரவேண்டும் என்பது நாக்குக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

ஐந்தாவது படி: தா

என்னைக் கவிழ்த்த ஆள். 'தா'வுக்கு இந்த மொழியில் வேலை அதிகம். ஆமாம் என்பதற்கும் 'தா', 'என்று' என்பதற்கும் 'தா'. "தா, ஸ்னாம் தா தோலாஸி" என்றால் 'ஆமாம், அவர் வருகிறார் என்று தெரியும்'. ஆனால் வாக்கியத்தின் தலையில் 'தா' வந்து, பின் துண்டில் 'பிஹ்' இருந்தால் அது நிபந்தனைதான், அதுவும் நடக்காத நிபந்தனை.

இப்போது இல்லாததைச் சொல்ல 'தா'வோடு சாதாரண நிகழ்காலம். நம்ப முடியாத அளவுக்கு எளிது. "தா இமாம் வ்ரெமேனா, தோஷ்லா பிஹ்." நேரம் இல்லை, வரவில்லை, முடிந்தது. "தா ஸ்னாம், ரெக்லா பிஹ் தி" என்றால் தெரிந்தால் சொல்ல மாட்டேனா. நம் 'அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா' இந்த அச்சில் அப்படியே பொருந்தும்: "தா தெத்தா இமா ப்ர்கோவெ, பீலா பி ஸ்த்ரித்ஸ்." அலுவலகத்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவர்களிடமும் பாட்டியை வைத்து இதே ரகத்தில் ஒன்று இருக்கிறதாம். அது கொஞ்சம் பச்சை, இங்கே எழுத முடியாது.

பழைய பாடப்புத்தகம் கையில் கிடைத்தால் "தா இமாம் ஸ்தோ கூனா" (என்னிடம் நூறு கூனா இருந்தால்) என்கிற மாதிரி எடுத்துக்காட்டுகள் வரும். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா யூரோவுக்கு மாறிவிட்டது, அதனால் அந்த வாக்கியம் இப்போது இரட்டை மடங்கு நடக்காதது. இலக்கணம் மாறவில்லை, புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம்.

கடந்துபோனதற்கு 'தா'வோடு இறந்தகாலம். "தா ஸாம் க்ரேனுலா ரானியெ, நெ பிஹ் ஸாகாஸ்னிலா." சீக்கிரம் கிளம்பியிருந்தால் தாமதமாகியிருக்காது. டிராமைத் தவறவிட்ட காலை வேளைகளில் நான் எனக்கே சொல்லிக்கொள்கிற வாக்கியம், அதனால் இது மட்டும் கண்ணாடி மாதிரி வரும். "தா நியெ பீலோ தெபெ, நெ பிஹ் உஸ்ப்யேலா" என்பதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நீ மட்டும் இல்லாமலிருந்தால் என்னால் முடிந்திருக்காது. ஒருவருக்கு நன்றி சொல்ல இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியாது.

இலக்கணப் புத்தகத்தில் இதற்கென்று இரண்டாம் நிபந்தனை வடிவம் ஒன்று தனியாக இருக்கும்: "பீலா பிஹ் தோஷ்லா" (வந்திருப்பேன்). படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும். பேச்சில் பெரும்பாலும் வெறும் "தோஷ்லா பிஹ்" தான் சொல்வார்கள், முன் துண்டில் இருக்கும் 'தா ஸாம்' நடந்து முடிந்த கதை என்பதைச் சொல்லிவிடுவதால் பின் துண்டு அலட்டிக்கொள்வதில்லை. அதே காரணத்தால் "தா ஸாம் க்ரேனுலா ரானியெ, ஸாத் பிஹ் வெச் பீலா தோமா" (சீக்கிரம் கிளம்பியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பேன்) என்று பழையதையும் இப்போதையதையும் கலக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 'தா ஸாம்' பார்த்ததும் இறந்தகாலம் என்று பாய்ந்துவிடாதீர்கள். "தா ஸாம் நா த்வோம் ம்யெஸ்து" என்றால் நான் உன் இடத்தில் இருந்தால். இங்கே ஓ, லா வடிவம் எதுவும் வரவில்லை, 'ஸாம்' என்பது 'இருக்கிறேன்' என்ற நிகழ்காலம் மட்டுமே. பின்னால் வினை வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, 'காத் பிஹ் இமாலா'வுக்கும் 'தா இமாம்'க்கும் நடுவில் உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா? பாடப்புத்தகம் கோடு போட்டுப் பிரிக்கிற அளவுக்குப் பேச்சில் கிடையாது. ஒரே ஆள் ஒரே விஷயத்தை இன்று இப்படியும் நாளை அப்படியும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டையும் மாற்றிப் போட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் 'ஆக்கோ' ஒரு பக்கம், மற்ற இரண்டும் இன்னொரு பக்கம், இந்தக் கோட்டைத் தாண்டினால் தட்டு கிடைக்காது.

நம் மொழி கைகொடுக்கிற இடங்கள்

பள்ளியில் ஆங்கிலம் படித்த பழக்கத்தில் குரோஷியத்தையும் ஆங்கிலம் வழியாகவே யோசிக்கிறோம். நிபந்தனை வாக்கியத்தில் பல இடத்தில் தமிழ் வழியே போவது நேர்வழி.

"நேரம் இருக்குமா தெரியவில்லை" என்பதை ஆங்கிலம் வழியாகப் போனால் அங்கே 'ஆக்கோ' போடத் தோன்றும், தவறாகிவிடும். தமிழில் அது கேள்வி 'ஆ' தானே? குரோஷியத்திலும் கேள்வி 'லி' தான்: "நெ ஸ்னாம் ஹோச்சு லி இமாத்தி வ்ரெமேனா." நம் 'ஆ' எங்கே வருமோ அங்கே 'லி'-ஐப் போட்டால் பத்தில் ஒன்பது தடவை சரியாக இருக்கும். இதே 'லி' சில சமயம் 'ஆக்கோ' வேலையையும் பார்க்கும், எழுத்து நடையில்: "புதெத்தே லி இமாலி பித்தான்யா, நாஸோவித்தே" (கேள்விகள் இருந்தால் கூப்பிடுங்கள்). அறிவிப்புகளில் பார்ப்பீர்கள்.

'ஆலும்' வேண்டுமா? 'சாக் இ' என்பதை முன்னால் போடுங்கள். "சாக் இ தா ஸ்னாம், நெ பிஹ் ரெக்லா": தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். நடக்கக்கூடியது என்றால் "சாக் இ ஆக்கோ".

'வருவேன் என்றான்' என்பதில் நாம் 'வருவேன்'-ஐ மாற்றுவதில்லை, அவர்களும் மாற்றுவதில்லை: "ரெக்காவோ யெ தா ச்செ தோச்சி." ஆங்கிலப் பழக்கத்தில் இங்கே 'பி' போட்டு "தா பி தோஷாவோ" என்றால் 'வர ஆசைதான் என்றான்' என்கிற மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், 'பி' வந்தாலே நிபந்தனை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு முறை வயதான பக்கத்து வீட்டுக்காரர் தன் சின்ன வயதைப் பற்றிப் பேசும்போது வரிக்கு வரி 'பி' போட்டார், நான் எந்த 'தா'வும் 'காத்'தும் வராததைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தேன். "ஸ்வாகெ பி நெத்யெல்யெ பாகா இஸ்பெக்லா ஷ்த்ருத்லு." ஒவ்வொரு ஞாயிறும் பாட்டி ஷ்த்ருத்லா பலகாரம் சுடுவாள். நாம் பழைய பழக்கத்தைச் சொல்லும்போது 'சுட்டாள்' என்னாமல் 'சுடுவாள்' என்கிறோமே, அதே தந்திரம்.

தெருவில் கேட்பது

ஸாக்ரெபில் 'ஆக்கோ' தேய்ந்து 'ஆக்' ஆகிவிடும். 'பிஹ்', 'பிஸ்மோ', 'பிஸ்தே' எல்லாம் தேய்ந்து எல்லாருக்கும் 'பி' தான்: "யா பி காவு", "மி பி இஷ்லி". இங்கே பிறந்து வளர்ந்தவர்களே அப்படித்தான் பேசுகிறார்கள், பள்ளியில் ஆசிரியர்கள் சிவப்பு மையால் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். காதுக்குப் பழகிக்கொள்ளுங்கள், எழுத்தில் மட்டும் 'பிஹ்' என்று முழுசாக எழுதுங்கள், தேர்வில் மதிப்பெண் அதில்தான் போகும். 'புதெம்' என்பதும் இங்கே 'பும்' என்று சுருங்கி எதிர்காலமாகவே ஓடுகிறது. "பூமோ வித்லி" என்றால் 'பார்ப்போம்'.

"ஆக்கோ போக் தா" என்பதையும் வயதானவர்கள் அடிக்கடி சொல்வார்கள். கடவுள் கொடுத்தால் என்று பொருள். கவனியுங்கள், இங்கே 'தா' நான்காவது வேஷத்தில் வந்திருக்கிறது, 'கொடுக்கிறார்' என்கிற வினையாக. நம் 'தா'வேதான் என்று எனக்குத் தோன்றும், அது தற்செயல் என்று தெரிந்தாலும்.

காற்புள்ளி விஷயம்: நிபந்தனைத் துண்டு முன்னால் வந்தால் நடுவில் காற்புள்ளி உண்டு, பின்னால் வந்தால் கிடையாது. "ஆக்கோ ஸ்திக்னெம், தோச்சி ச்சு." "தோச்சி ச்சு ஆக்கோ ஸ்திக்னெம்."

பயிற்சிக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு வாரம், வீட்டுக்குப் போனில் தமிழில் பேசும்போது வாயில் வந்த 'ஆல்' எல்லாவற்றையும் அன்றிரவே நோட்டில் எழுதினேன். 'பஸ் கிடைச்சா கூப்பிடறேன்', 'அப்பா இருந்திருந்தா திட்டியிருப்பார்', 'லீவு கிடைச்சா தீபாவளிக்கு வருவேன்'. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முதலில் ஆ, கா, தா என்று ஒரே எழுத்து. முழு வாக்கியம் மறுநாள் காலையில். தீபாவளி வாக்கியத்துக்கு மட்டும் எந்த எழுத்து என்று நெடுநேரம் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கடைசியில் 'கா' போட்டேன். வகுப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் புலத்தில் 'க்ரோவாத்திகும்' என்கிற மையம் வெளிநாட்டவருக்கென்றே இருக்கிறது. இணையத்தில் படிக்கிறவர்கள், செர்பிய மொழிப் பாடங்கள் குரோஷியப் பாடங்களோடு கலந்து கிடக்கும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிபந்தனை வாக்கியத்தில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் 'போக விரும்புகிறேன்' மாதிரி இடங்களிலும் அவர்கள் 'தா' போடுவார்கள், இங்கே அது அந்நியமாகக் கேட்கும்.

போன மாதம் அந்த அம்மா மறுபடியும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். இந்த முறை தயாராக இருந்தேன். "தோச்சி ச்சு ஆக்கோ ஸ்திக்னெம்" என்றேன், பிசகாமல். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நேமா ஆக்கோ" என்றார். ஆக்கோ கீக்கோ எல்லாம் கிடையாது, ஒரு மணிக்குச் சாப்பாடு, கேசரியைக் கொண்டு வந்துவிடு.